பனியின் பதம்

மார்ச் கடைசியில் குல்மார்கின் பனி ஒரே நாளில் நான்கு முறை மாறும். விடியலில் கல். வெயில் ஏற ஏற அந்தக் கல்லின் மேல்தோல் மட்டும் இளகும். பிறகு ஒரு மணி நேரமோ, கொஞ்சம் கூடவோ, சறுக்குகிறவர்கள் ஊர் ஊராகக் கிளம்பி வந்து காத்துக்கிடக்கும் அந்தப் பதம். மதியம் தாண்டினால் சேறு. இரவு வானம் தெளிந்திருந்தால் மறுபடியும் கல்.

இந்த நான்கிலும் என் புதிய அகல ஸ்கீக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்கத்தான் போயிருந்தேன். நடுவில் 106 மில்லிமீட்டர் அகலம். அதுவரை நான் வைத்திருந்த ஜோடி 72. காகிதத்தில் பார்த்தால் இரண்டு விரல் அகல வித்தியாசம்தான். காலுக்குக் கீழே அது வேறு பொருள், வேறு சுபாவம்.

*

காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை ‘சில்லாய் கலான்’ என்பார்கள். அதன் பின்னால் இருபது நாள் ‘சில்லாய் குர்து’, அதற்கும் பின்னால் பத்து நாள் ‘சில்லாய் பச்சா’. இந்த எழுபது நாளில் விழுவது குளிர்காலப் பனி: உலர்ந்தது, காற்று நிறைந்தது, ஊதினால் பறப்பது. உலகம் குல்மார்கைத் தேடி வருவது அதற்காக. அகல ஸ்கீக்களைச் செய்கிறவர்கள் மனதில் வைத்திருப்பதும் அந்தப் பனியைத்தான்.

நான் போனது எழுபது நாளும் முடிந்த பிறகு. ஸ்ரீநகரில் பாதாம் பூத்துவிட்டிருந்தது. டங்மார்கிலிருந்து மேலே ஏறும் பாதையோரத்தில் தேவதாருக்களின் அடியில் மட்டும் பழைய பனி அழுக்கேறிக் கிடந்தது. சுமார் 2,650 மீட்டரில் இருக்கும் குல்மார்க் புல்வெளியில் இங்கங்கே தரை தெரிந்தது. கொண்டோலா கேபிள் காரில் காங்டூரி வரை ஏறினால் வெள்ளை மறுபடி தொடங்கும். அதற்கு மேலே, சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் அபர்வட் மலையின் தோளில் இன்னும் குளிர்காலம் பாக்கியிருந்தது. எனக்கு வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சரிவு.

வசந்தப் பனியைப் பலர் வீணாய்ப்போன பனி என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பனியின் முதிர்ந்த நிலை. விழுந்தபோது இருந்த ஆறு முனை நட்சத்திரங்கள் எப்போதோ உடைந்துவிட்டன. பகலில் உருகிய நீர் துகள்களுக்கு நடுவே இறங்குகிறது. இரவில் அது உறைந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டுகிறது. நாள்தோறும் இதே வேலை நடக்க நடக்க முனைகள் கரைந்து, சிறியவை பெரியவற்றில் சேர்ந்து, கடைசியில் ஜவ்வரிசி போல உருண்டையான மணிகள் மட்டும் மிஞ்சும். இரவு காற்றின் வெப்பம் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தால்கூட, மேகமில்லாத வானத்தின் கீழ் பனி தன் சூட்டை மேலே விட்டுவிட்டு உறைந்துவிடும். அதனால் வசந்தத்தில் சறுக்குகிறவர்கள் முதலில் கேட்பது நேற்று இரவு நட்சத்திரம் தெரிந்ததா என்பது.

*

முதல் காலை. பனி இன்னும் கல்லாக இருக்கும்போதே இறங்கினேன். அதையும் தெரிந்துகொள்ளத்தானே வந்தது.

அகலப் பலகைக்குக் கல் பனி பிடிக்கவில்லை. ஸ்கீயின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. கடினமான பனியில் திரும்ப வேண்டுமென்றால் பலகையைச் சாய்த்து அந்த விளிம்பை ஊன்ற வேண்டும். குறுகிய ஸ்கீயில் விளிம்பு கிட்டத்தட்டப் பாதத்துக்கு நேர் கீழே இருக்கும். அகல ஸ்கீயில் அது பாதத்தைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. பனி மேலே தள்ளும் விசை அந்த வெளி ஓரத்தில் விழுந்து, பலகையை மறுபடி தட்டையாக்கப் பார்க்கிறது. அதைத் தடுக்கும் வேலை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்காலின் உட்புறம் அதை உணர்ந்தேன். விளிம்பு கரகரவென்று உரசியது, பலகை அதிர்ந்தது, அதிர்வு பல்வரை ஏறியது.

இந்த நேரத்துக்குக் குறுகிய ஜோடிதான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடையில் ஒரே ஜோடி எல்லாப் பனிக்கும் போதும் என்று சொல்வார்கள். எல்லாவற்றிலும் சமாளிக்கும் என்பது உண்மை. எல்லாவற்றிலும் இனிக்கும் என்பது உண்மையில்லை.

*

ஆவடி பக்கத்து முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அந்த அகல ஜோடி வந்து சேர்ந்த அன்று அப்பா அதைச் சுவரில் சாய்த்துவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனியை நேரில் பார்த்ததில்லை.

“நடுவுல எவ்ளோ அகலம்மா?”

“நூத்தியாறு மில்லிப்பா. முனையில இன்னும் அகலம்.”

“நீளம்?”

“நூத்தியெழுபத்திரண்டு சென்டி.”

“உன் வெயிட்டு, பூட்ஸு, பை எல்லாம் சேர்த்து?”

“எழுபத்தஞ்சு கிலோன்னு வெச்சுக்கோப்பா.”

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். முழு நீளமும் தரையில் படுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 கிராம். என் பழைய ஜோடியில் 25 வந்தது. ஸ்கீயைக் கழற்றிவிட்டுப் பூட்ஸோடு ஒற்றைக் காலில் நின்றால் 300 கிராமுக்கு மேல். அதன் பக்கத்தில், யாரும் கேட்காமலே, இன்னொரு எண்ணை எழுதினார்: 850.

“இது அர்ஜுனோடது” என்றார்.

58.5 டன் எடையுள்ள டேங்க். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்தின்மேல் அது வைக்கும் சுமை 0.85 கிலோ. பூட்ஸோடு நடக்கும் நான் வைப்பதைப் போல் மூன்று மடங்குகூட இல்லை. ராஜஸ்தான் மணலில் புதையாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் சுமையை அகலமான ட்ராக்கில் பரப்பிவிட்டார்கள். ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்ததிலிருந்து, பிறகு அஜேயா என்ற டி-72, அர்ஜுன், பீஷ்மா என்று வந்த எல்லா வண்டிகளிலும் இந்தக் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு கனத்தை நிலம் தாங்குமா? அஜேயாவின் ட்ராக் அகலம் 580 மில்லிமீட்டர். அப்பா அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சோதனை ஓட்டத்துக்குப் போகும் டேங்குகளின் இரைச்சல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய சத்தம். அந்த இரைச்சலுக்கு நடுவே வளர்ந்தும், டேங்க் நிலத்தை மென்மையாக மிதிப்பதற்காகப் படும் பாட்டை நான் யோசித்ததில்லை. என் பலகைகளை வைத்து அப்பா அதைக் காட்டிக் கொடுத்தார்.

அந்தக் காலண்டர் தாள் இப்போது ஸ்கீ பையின் உள்ஜேபியில் இருக்கிறது.

*

அகலம் புதிய யோசனை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால் மத்திய ஆசியாவின் அல்தாய் மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் அகலமான மரப்பலகைகளின் அடியில் குதிரைத் தோலைப் பொருத்தி, ஒற்றைக் கோலோடு சறுக்குகிறார்கள். ஆழமான பனியில் மூழ்காமல் போய், இரையோடு திரும்பி வர வேண்டும். அவர்களுக்கு அகலம் வயிற்றுப்பாட்டுக் கணக்கு. பலகை குறுகியது பந்தயத்தால். இறுக்கி அழுத்திய தடத்தில் நொடிகளை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தபோது, விளிம்பு காலுக்கு அருகே வந்தது. பந்தய வீரர்கள் போட்டதையே பல பத்தாண்டுகள் எல்லோரும் போட்டார்கள்.

1980-களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அட்டோமிக் நிறுவனத்தில் ரூபர்ட் ஹூபர் என்பவர் அகலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு ஸ்னோபோர்டை நெடுக்காக அறுத்து இரண்டு ஸ்கீ ஆக்கிப் பார்த்தார் என்பது சறுக்குகிறவர்கள் நடுவே சொல்லப்படும் கதை. ‘பவுடர் பிளஸ்’ என்று வந்த அதை முதலில் வயதானவர்களுக்கானது என்று ஒதுக்கினார்கள். 2002-ல் ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரரின் யோசனையில் வோலண்ட் நிறுவனம் ‘ஸ்பாட்டுலா’வை வெளியிட்டது. நடுப்பகுதி முனையைவிட அகலம், இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்தவை. ஆழமான பனியும் தண்ணீர் மாதிரிதான், அதில் வெட்டிக்கொண்டு போவதைவிட மிதந்து போகலாம் என்பது அவர் பார்வை. தண்ணீர்ச் சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு அலாஸ்காவின் மலையில் இறங்கியே காட்டினார். 2009-ல் மலையிலேயே இறந்தார். என் காலுக்குக் கீழே முனை வளைந்து எழும் இந்த வடிவத்தில் அவருடைய பங்கு இருக்கிறது.

*

குல்மார்கில் ஸ்கீ என்றால் முதலில் ராணுவம்தான். 1948-ல் அங்கே படையினருக்கான ஸ்கீ பள்ளியைத் தொடங்கியவர் குடகிலிருந்து வந்த திம்மய்யா. பின்னாளில் இந்தியாவின் தரைப்படைத் தளபதி ஆனவர். அந்தப் பள்ளிதான் 1962-ல் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி என்ற பெயருக்கு வந்தது. அதே குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் சமதளப் பனி ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவர் ஓடுவது சில விரல் அகலமே உள்ள பலகைகளில். காப்பித் தோட்டத்து ஊரிலிருந்து பனிக்குப் போக இத்தனை வழி இருந்திருக்கிறது என்பதே எனக்கு ஊக்கம்.

எங்கள் பக்கத்தில் பனி வீட்டுக்குள் வந்தது வேறு வழியாக. விமானப்படை நிலையத்தின் மதிலுக்கு அருகே வாழும் ஊர் இது. லே, தாய்ஸ், ஸ்ரீநகர் என்ற பெயர்கள் விடுமுறையில் வந்தவர்களின் பேச்சில் காதில் விழும். 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் பனிச்சரிவு 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் பத்து பேரைப் புதைத்தது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பனி என்றால் விளையாட்டு என்று நான் சொல்லும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் சிலருக்கு அது அப்படியில்லை என்பதை மறக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

*

இனி அந்தப் பதம்.

கூட வந்த டங்மார்க் வழிகாட்டி அவசரப்பட விடவில்லை. காங்டூரிக்கு மேலே ஒரு பாறையருகில் நின்றோம். கம்பின் முனையை அவர் பனியில் குத்துவார். டொக் என்று சத்தம் வந்தால் தலையை ஆட்டுவார். “தோடா ருகியே, மேடம்.” கொஞ்சம் பொறுங்கள் என்று. சற்று நேரம் கழித்து மறுபடி. சத்தம் மாறிக்கொண்டே வந்தது. டொக் என்றது டப் என்றாகி, பிறகு சத்தமே இல்லாமல் முனை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே இறங்கி அடியில் இருந்த கடினத்தில் நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

கிழக்கு பார்த்த சரிவுகள் முதலில் பதத்துக்கு வரும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. ஒரே சரிவிலும் ஒரு மடிப்புக்கு இப்பால் வந்திருக்கும், அப்பால் வந்திருக்காது. வெயிலைப் பின்தொடர்ந்து மலையைச் சுற்றினால் ஒரு மணி நேரத்தை இரண்டாக நீட்டலாம். அதற்கு எந்தப் பாறை எத்தனை மணிக்கு நிழலை விடும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த ஸ்கீயிலும் அதை வாங்க முடியாது.

முதல் திருப்பத்தைச் சாய்த்தபோது முழங்காலில் வலி எதிர்பார்த்தேன். வரவில்லை. மேலே இளகிய மணிகள் பலகையின் அகலம் முழுவதையும் ஏந்திக்கொண்டன, அடியில் உறைந்த படுகை அவற்றைத் தாங்கியது. விசை இப்போது விளிம்பில் மட்டும் விழவில்லை, பலகை முழுவதும் பரவிவிட்டது. காலையில் என்னோடு சண்டை போட்ட அதே 106 மில்லிமீட்டர், இப்போது நிற்க இடம் கொடுத்தது. மணிகள் சரசரவென்று உருண்டன. முனைகள் எழுந்து வழியைத் தாமே கண்டுபிடித்தன. குறுகிய ஜோடியில் நான் ஒவ்வொரு திருப்பத்தையும் தொடங்கி, நடத்தி, முடித்துவைக்க வேண்டும். இதில் தொடங்கினால் போதும்.

அந்த இறக்கத்தில் எனக்கு விளங்கியது ஒன்று. அகலம் என்னைத் திறமைசாலி ஆக்கவில்லை. என் கனத்தை ஓரிடத்தில் குவிக்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது. பயந்தால் உடம்பு ஒரு புள்ளியில் இறுகும், அந்தப் புள்ளிதான் முதலில் புதையும். கால் விரல், குதிகால், இரண்டு தொடை என்று கனத்தைப் பரப்பிவிட்டு நின்றபோது மூச்சும் தன்னால் நீண்டது. வீட்டில் விடிகாலையில் தியானத்தில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பிடிபடாத விஷயம் அது.

*

மதியத்துக்குப் பிறகு ஒருமுறை மட்டும் இறங்கினேன், தாழ்வான இடத்தில். பனியின் மணிகளுக்கு நடுவே நீர் நிறைந்துவிட்டால் அவற்றை ஒட்டிவைத்திருந்த பிணைப்பு விட்டுப்போகிறது. ஸ்கீயைக் கழற்றிக் காலை வைத்தால் முழங்கால்வரை போகும். அகல ஜோடி இங்கேயும் மேலேயே நின்றது. குறுகியது மூக்கைக் குத்தியிருக்கும். ஆனால் வேறொரு தொல்லை வருகிறது. பலகையின் அடிப்பாகத்துக்கும் ஈரப் பனிக்கும் நடுவே நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கிறது. சமதளம் வந்ததும் யாரோ கணுக்காலைப் பிடித்த மாதிரி வேகம் நின்றது. அடிப்பரப்பு அகலமென்றால் ஒட்டும் இடமும் அதிகம். அதற்காகவே அடியில் மெல்லிய கோடுகள் செதுக்குகிறார்கள், அந்தக் கோடுகள் படலத்தை அறுக்கும். வெப்பத்துக்கான வாக்ஸும் வேண்டும். குளிர்கால வாக்ஸோடு வசந்தப் பனிக்கு வரவே கூடாது.

மேலே போக ஆசை இருந்தது. வழிகாட்டி மறுத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. நீர் இறங்கிய பனி சரிவில் தன் கனத்தையே தாங்காது. ஒரு சிறு உருண்டை உருளும், பக்கத்தில் இன்னொன்று, பிறகு விசிறிபோல விரிந்து மொத்தமும் கிளம்பும். மிதக்க வைக்கும் பலகை இருப்பதால் எங்கும் போகலாம் என்ற நினைப்பு வருகிறது. அதுதான் ஆபத்து. குல்மார்கின் கிலன்மார்க் சரிவில் 2010 பிப்ரவரி 8-ம் தேதி பயிற்சியில் இருந்த 17 ராணுவத்தினர் பனிச்சரிவில் இறந்தார்கள். பனியையே பாடமாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அது நடுக்குளிர்காலப் புதுப்பனி, இது வசந்தத்து ஈரப்பனி. காரணம் வேறு, சரியும் மலை ஒன்றுதான்.

*

இரவில் அறையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒரு வருத்தம் வந்தது. ஆழமான குளிர்காலப் பனிக்காகச் செய்த பலகை இது. அந்தப் பனியோ குறைந்துவருகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். 2025-ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியை, பிப்ரவரியில் பனி போதாததால் தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரரான ஆரிப் கான் டங்மார்க்காரர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது விடுமுறைப் பிரச்சினை இல்லை. விளையாட்டு, வேலை, வாடகை எல்லாம் அந்தப் பனியில்தான். இங்கே உருகும் நீர் பிரோஸ்பூர் ஓடை வழியாக ஜீலத்தில் சேர்கிறது. கோடையில் வயல்களுக்குப் போவதும் இதுதான். ஒரு மலைப்பகுதி முழுவதும் தன் தண்ணீரை இப்படிப் பொத்திவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது என்பது, ஏரி நிரம்புமா என்று ஐப்பசியில் வானத்தைப் பார்க்கும் ஆவடிக்காரியான எனக்குப் பெரிய விஷயம். சறுக்க வந்த இடத்தில் நான் நின்றது அவர்களுடைய ஏரியின் மேல்.

*

இங்கே, முத்தாபுதுப்பேட்டையில், ஏப்ரல் வந்ததும் பலகைகளுக்கு எதிரி காற்றின் ஈரம். எஃகு விளிம்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, வெயிலில் படாமல் உலர்த்தி, விளிம்பையும் மூடும்படி கனமாக வாக்ஸ் பூசி, சுரண்டாமல் அப்படியே விட வேண்டும். பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கின் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுவது நல்லது என்றார் அப்பா. மாதக்கணக்கில் அழுத்தத்திலேயே எதையும் வைக்கக் கூடாதாம். விளிம்பை அவர் கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பார்த்தார். காலைக் கல் பனியில் விழுந்த கீறல்களை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

“இதுக்கு அந்தப் பழைய ஜோடிய எடுத்துட்டுப் போயிருக்கலாமேம்மா.”

அடுத்த மார்ச்சில் இரண்டையும் கொண்டுபோவேன். பத்து மணி வரை 72, அதற்குப் பிறகு 106. மதியத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். வசந்தப் பனிக்கு மட்டும் ஒரே ஜோடி வாங்கப்போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால் 90-க்குப் பக்கத்தில் பாருங்கள் என்பேன். இன்னும் அகலமானதைச் சில்லாய் கலானில் வருகிறவர்கள் வாங்கட்டும்.